பலகை பச்சையாகத்தான் இருந்தது

நவம்பர் 4, திங்கள்

புது வேலை வந்திருக்கிறது. புன்னைத்துறை மீனவர் சங்கத்துக்கு இணையதளம். அதில் முக்கியமானது ஒரே ஒரு பக்கம்தான். அதைக் கடற்கரை ஏலக்கூடத்தின் வெளிச்சுவரில் ஒரு பெரிய டிவியில் பகலெல்லாம் ஓடவிடப் போகிறார்களாம். கடலுக்குப் போகலாம் என்றால் பச்சை, கவனமாகப் போ என்றால் மஞ்சள், போகாதே என்றால் சிவப்பு. சங்க ஆபீஸில் எழுத்தர் கம்ப்யூட்டரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வெளியே பலகையில் நிறமும் எழுத்தும் மாற வேண்டும். இரண்டு நாள் வேலை.

இதற்கும் தாணு அண்ணன் ஒரு மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றார். நாகர்கோவிலில் ஒரு மாடி அறை, அதுதான் எங்கள் கம்பெனி. முதலாளி அவர், மீதி எல்லாமும் நான். ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஆனாலும் நிறத்துக்கான கட்டளையை எங்கே எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மூன்று இடத்தில் எழுதலாம். எந்தக் கட்டத்துக்கு நிறம் வேண்டுமோ அந்த வரியிலேயே ஒட்டி எழுதலாம். பக்கத்தின் தலையில் மொத்தமாக எழுதலாம். இல்லையென்றால் தனிக் கோப்பில் எழுதிவிட்டு, பக்கத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஒரு பக்கத்துக்கு எதற்குத் தனிக் கோப்பு, தலையிலேயே போடுகிறேனே என்றேன்.

"வேண்டாம் ஜெஸ்லின். நெறம்னா அதுக்கு ஒரே எடமாக்கும். நாளைக்கு ஏதாவது தப்புன்னா எங்க தேடணும்னு தெரியணும்."

"வரியில ஒட்டி எழுதினா என்ன, ஓடாதா?"

"ஓடும். அதுதான் கெட்டது. தூரத்துல இருக்க மாமன் ஆயிரம் சொன்னாலும் பக்கத்துல நிக்கவன் சொல்லுததைத்தான் பிள்ள கேக்கும். வரியில ஒட்டுனது அப்பிடி. கோப்புல நீ சிவப்புன்னு எழுதினாலும் அது கேக்காது."

இது எனக்குத் தெரியாதா? தெரியும். சரி அண்ணா என்று சொல்லிவிட்டுத் தனிக் கோப்பிலேயே எழுதினேன்.

நவம்பர் 6, புதன்

கிரைண்டர் ரிப்பேர். அம்மா மாவை மிக்ஸியில் அரைத்து இட்லி கல்லாக வந்தது. நான் குறை சொன்னேன். அவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதையே வைத்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

புன்னைத்துறைக்குப் போனேன். சங்க எழுத்தர் பெயர் ததேயு. நாற்பது வயதிருக்கும், சட்டைப்பையில் மூன்று பேனா. எழுதிக்கொண்டு, எழுதியதை என்னிடமே வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொள்கிற ஆள்.

டிவி எதற்கு, மைக்கில் சொன்னால் போதாதா என்று கேட்டேன். ஊர் வளைந்து கிடக்கிறது, தென்கரை வீடுகளுக்குக் காற்று எதிர்த்து அடித்தால் மைக் கேட்காது என்றார். அதனால்தான் டிவியைத் தெற்கே பார்த்து மாட்டுகிறார்கள். தென்கரையில் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து எழுத்து தெரியாது. நிறம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

கடைசி வீட்டு வாசலில் ஒரு பெரியவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பர்ணபாஸ். அறுபது தாண்டியவர். அவர் மகள் ஆன்சி எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். ஆன்சியின் வீட்டுக்காரர் வினிஸ்டனும் மாமனாரும்தான் ஒரே வள்ளத்தில் போகிறவர்கள்.

"எழுத்தெல்லாம் எனக்கு வராது மக்களே," என்றார் பெரியவர். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் என்னை மக்களே என்றார். "நெறம் போதும். நீ பச்சன்னா போவேன், செவப்புன்னா வலையப் பிரிச்சிட்டு இங்கயே இரிப்பேன்."

"நான் சொல்ல மாட்டேன் மாமா. ததேயு அண்ணன் சொல்லுவாங்க. நான் போர்டு மட்டும்தான்."

"அப்ப போர்டச் சொல்லு. பொய் பேசக்கூடாதுன்னு."

வினிஸ்டன் உள்ளே இருந்து சிரித்தது கேட்டது. நல்ல மனிதர்கள். சாயாவில் சீனிதான் கொஞ்சம் கூடுதல்.

நவம்பர் 13, புதன்

வேலை முடிந்தது. ததேயுவை ஆபீஸுக்கு வரவழைத்து மூன்று நிறத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவரும் மாற்றிப் பார்த்தார். தாணு அண்ணன் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். "சுத்தமா இருக்கு" என்றார். இவர் வாயிலிருந்து இது வருவது வருஷத்துக்கு ஒரு முறை.

நவம்பர் 16, சனி

திறப்பு விழா. பங்குத்தந்தை, மீன்வளத் துறை அதிகாரி, மாலை, பன்னீர் எல்லாம் உண்டு. பதினொரு மணிக்கு ரிப்பன் வெட்ட வேண்டும். பத்தரைக்கு டிவியைப் போட்டால் எழுத்து வருகிறது, நிறம் வரவில்லை. வெள்ளைக் கட்டம் நிற்கிறது. போன வாரம் சோதனைக்குப் போட்ட பழைய கோப்பை அந்த டிவி மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு புதியதை எடுக்க மாட்டேன் என்கிறது.

கோப்பின் பெயரை மாற்றி, பக்கத்தில் அதைச் சுட்டிவிட்டால் சரியாகும். பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது. சங்கத் தலைவர் என்னையே பார்க்கிறார். ததேயுவுக்கு வேர்க்கிறது. நான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தின் வரியிலேயே பின்னணி பச்சை என்று ஒட்டி எழுதிவிட்டேன். ஒரே வரி. டிவி பளிச்சென்று பச்சையானது. கைதட்டல். வெட்டினார்கள்.

எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். பர்ணபாஸ் மாமா தென்கரையிலிருந்து கையை ஆட்டினார். பிறகு மீன்குழம்போடு சாப்பாடு. அப்படி ஒரு நெய்மீனை நான் சாப்பிட்டதே இல்லை.

நவம்பர் 18, திங்கள்

திறப்பு விழாக் கதையைச் சொன்னேன். தாணு அண்ணன் சிரிக்கவில்லை. அந்த வரியை எடுத்தாயா என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். நாளைக்கு எடுக்க வேண்டும்.

நவம்பர் 19, செவ்வாய்

கிரைண்டர் வந்தது. துணிக்கடை இணையதளத்தில் நாள் முழுக்கப் போனது.

நவம்பர் 23, சனி

சித்தி மகள் நிச்சயதார்த்தம், மார்த்தாண்டம். நான்கு பேர் எனக்கு எப்போது என்று கேட்டார்கள். ஐந்தாவது ஆள் கேட்பதற்குள் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

காலையிலிருந்து வானம் கறுத்துக் கிடக்கிறது. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. கடலில் காற்றழுத்தம் என்று செய்தியில் சொன்னார்கள். நான்கு மணிக்குக் கரண்ட் போனது. மாவட்டம் முழுக்கவே இல்லையாம். ஈரத்துணி எல்லாம் வீட்டுக்குள்தான் தொங்குகிறது.

நவம்பர் 27, புதன்

காலை ஆறரைக்குத் தாணு அண்ணன் போன் செய்தார்.

"புன்னைத்துறையில ஒரு வள்ளம் திரும்பல ஜெஸ்லின். பர்ணபாஸும் மருமகனும். நேத்து மூணு மணிக்குப் போயிருக்காவ. போர்டு பச்சையில இருந்துதுன்னு அவரு மக அழுதுட்டே சொல்லுதாம். எதுக்கும் நீ ஒருக்கா பாத்துச் சொல்லு."

பார்த்தேன். இருபது நிமிஷம் கழித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். நான் சொன்னபோது சரியாகத்தான் இருந்தது.

ஏழு பத்துக்கு அங்கே கரண்ட் வந்ததாம். பலகை சிவப்பில் எரிந்ததாம்.

அம்மா உப்புமா வைத்தாள். சாப்பிட முடியவில்லை. கை ஜில்லென்று இருக்கிறது. மழைதான் காரணம்.

நவம்பர் 28, வியாழன்

பர்ணபாஸ் மாமாவைக் காப்பாற்றிவிட்டார்கள். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தவரை வேறு ஊர்ப் படகு ஒன்று ஏற்றி வந்திருக்கிறது. வினிஸ்டன் இல்லை. முதல் நாள் இரவே பிடித்த கையை விட்டுவிட்டாராம்.

போனில் தாணு அண்ணன்தான் சொன்னார். உள்ளே இருந்து சிரித்த குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

நவம்பர் 30, சனி

தாணு அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு புன்னைத்துறைக்குப் போனார். சங்கத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ததேயு ஒரு நோட்டுடன் காத்திருந்தார்.

"செவ்வாக்கிழமை பன்னெண்டு நாப்பதுக்கு நான் செவப்புக்கு மாத்துனேன். இந்தா பாருங்க, எழுதி வச்சிருக்கேன். மைக்கிலயும் சொன்னேன். காத்து மாறி அடிச்சுது, தென்கரைக்குக் கேட்டிருக்காது. பிள்ளைகளாணையாச் சொல்லுதேன், மாத்துனேன்."

தாணு அண்ணன் கம்ப்யூட்டரின் பதிவைத் திறந்தார். பன்னிரண்டு நாற்பது, சிவப்பு. ததேயு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான்கு நாளாக ஊர் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

அடுத்து எங்கள் பக்கம். தாணு அண்ணன் கோப்பைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். ததேயுவை மூன்று நிறத்தையும் மாற்றச் சொல்லி வெளியே போய் நின்று பார்த்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு குறையும் இல்லை. "எங்க பிள்ள செஞ்ச வேலையில தப்பில்ல தலைவரே" என்றார். எங்க பிள்ள என்று என்னை அவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

எழுத்தர் மாற்றியிருக்கிறார். பலகையும் மாறுகிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரு ஆள்தான். தலைவர் மெதுவாகச் சொன்னார்: "பர்ணபாசுக்கு வயசாயிற்றில்லா. மழைக்குள்ள கண்ணு தெரிஞ்சிருக்காது."

கூட்டத்தில் ஒருவன், சாராயத்தை ஊற்றிக்கொண்டு பார்த்திருப்பார் என்றான்.

ஆன்சி வாசலில் நின்றாள். "செவ்வாக்கிழமை அண்ணு அப்பா ஒரு சொட்டு தொடல்ல. போர்டப் பாத்துட்டுத்தான் எங்க வீட்டுக்காரர விளிச்சாவ. பச்சையாக்கும், வாப்பா போவோம்னு சொன்னத நான் என் காதால கேட்டேன்."

"நீ பாத்தியா பிள்ள?" என்று கேட்டார் தலைவர்.

அவள் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்திருக்கிறாள். ஏலக்கூடத்தில் இருந்தவர்கள் பலகைக்குக் கீழே இருந்ததால் அவர்களும் பார்க்கவில்லை. தென்கரையின் மற்ற வீடுகள் மழைக்குக் கதவைச் சாத்தியிருந்தன. நான்கு மணிக்கு மேல் கரண்டே இல்லை.

ஆன்சி என்னைப் பார்த்தாள். நான் டிவியின் வயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பர்ணபாஸ் மாமாவை ஆன்சி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாளாம். திரும்பும் வழியில் எங்கள் ஆபீஸுக்கும் வந்தார்கள். தாணு அண்ணன் இல்லை, நான் மட்டும்தான். முதலில் அடையாளம் தெரியவில்லை. உதடெல்லாம் உப்பில் வெடித்து, தோள் இரண்டும் உள்ளே விழுந்து, வேறு ஆளாகிவிட்டார்.

"நெறம் நெறமாப் பொட்டு வச்ச படத்தக் காட்டி டாக்டரு கேட்டாவ மக்களே. எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னேன். கண்ணுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாவ."

"நல்லதுதானே மாமா," என்றேன்.

"அப்ப எனக்குத் தலையிலதான் கொழப்பம். செவப்பப் பாத்துட்டுப் பச்சன்னு நெனச்சிரிக்கேன். வரமாட்டேன்னு சொன்னவன நாந்தான் விளிச்சிட்டுப் போனேன். வானம் சரியில்ல மாமான்னு சொன்னான். போர்டு சொல்லுதில்லாடே, உனக்கு அதவிடத் தெரியுமான்னு ஏசிட்டேன்." என் மேஜையில் கையை ஊன்றினார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நீ செஞ்ச போர்டு. அண்ணு அது பச்சையா இரிக்க ஏதாவது வழி உண்டுமா? ஒரு நிமிசம்னாலும்?"

ஆன்சி அவர் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.



டிசம்பர் 5, வியாழன்

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். நவம்பர் 18. என் கையெழுத்து. 'எடுத்துவிட்டேன் என்றேன். நாளைக்கு எடுக்க வேண்டும்.' எடுத்துத்தான் இருப்பேன், எப்படியோ அது திரும்ப வந்திருக்குமோ என்று இத்தனை நாளாக எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நீல மையில் எழுதி வைத்திருக்கிறேன். அதிர்ச்சியில் நோட்டைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். அடுத்தவள் எழுதியதைப் படித்ததுபோல் இருந்தது.

இப்போது இருபத்தேழாம் தேதியை முழுதாக எழுதுகிறேன். போன் வந்ததும், கரண்ட் இல்லாததால் போன் நெட்டை மடிக்கணினிக்குக் கொடுத்துப் பக்கத்தைத் திறந்தேன். ததேயு வைத்த சிவப்பு கோப்பில் இருந்தது. எழுத்து 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று இருந்தது. கட்டம் பச்சையாக இருந்தது. திறப்பு விழாவில் நான் ஒட்டிய வரி அப்படியே இருந்தது. பதினோரு நாளாக யார் எதை மாற்றியிருந்தாலும் பலகை பச்சையாகத்தான் எரிந்திருக்கும். அதுவரை ததேயு மாற்றவேண்டி வரவில்லை, அதனால் தெரியவில்லை.

தப்பைப் பார்த்தால் உடனே திருத்திவிட வேண்டும், இந்தத் தொழிலில் கைக்கு அதுதான் பழக்கம். வரியை எடுத்தேன். கோப்பின் பெயரை மாற்றினேன். ஆறு ஐம்பதுக்குப் பலகை சரியாகிவிட்டது. இருட்டில் அணைந்து கிடந்த அந்த டிவி, கரண்ட் வந்ததும் சிவப்பாக எரிந்து, பர்ணபாஸைப் பொய்யனாக்கியது.

காலையில் தாணு அண்ணனிடம் சொன்னேன். நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"திருத்துனது எப்ப?"

"நீங்க போன் பண்ணின உடனே."

"எங்கிட்டச் சொல்லுததுக்கு முன்னயா, பொறவா?"

"முன்ன."

"அந்த வரி இருந்திருந்தா அந்த மனுசன் சொன்னது சரின்னு ஊரு பாத்திருக்கும். அதையும் தொடச்சிட்டியே பிள்ள." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நானும் போய் நின்னுகிட்டு எங்க பிள்ள வேலையில தப்பில்லன்னு சொல்லிட்டு வந்தேன்."

இனி என்ன செய்வது என்று கேட்டேன். இதை வெளியே சொன்னால் கம்பெனி இருக்காது, போலீஸ் வரும், அது உனக்குத் தெரியும் என்றார். தெரியும் என்றேன். சொல்லாதே என்று அவர் சொல்வாரோ என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை காரை எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 7, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவள் என் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டாள்.

ஏலக்கூடத்தில் தலைவர், ததேயு, ஐம்பது அறுபது பேர். வாயால் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. நிறத்தை எங்கே எழுதினால் எது ஜெயிக்கும் என்பதை அந்தக் கரையில் நின்று எப்படிச் சொல்வது? ததேயு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் செய்தே காட்டுகிறேன் என்றேன். இது சோதனை, யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று ததேயு மைக்கில் சொன்னார். மைக் கேட்காத தென்கரையில் ஒரு ஆளையும் நிறுத்தினார்.

"அண்ணா, சிவப்புக்கு மாத்துங்க."

மாற்றினார். பலகை சிவப்பானது. எல்லோரும் தென்கரைக்கு நடந்தோம். பர்ணபாஸ் மாமா பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அந்தத் திசையில் பார்ப்பதையே விட்டுவிட்டாராம். நான் அவர் வாசலில் மணலில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, அன்று எழுதிய அதே வரியை அதே இடத்தில் ஒட்டினேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

"மாமா, திரும்பிப் பாருங்க."

அவர் அசையவில்லை. ஆன்சிதான் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

வெகு நேரம் பார்த்தார்.

"பச்ச," என்றார்.

"செவப்புலதான் வச்சிருக்கேன்!" என்று ததேயு கத்தினார். "இப்பவும் செவப்புலதான் இருக்கு! பெரியவரே, அண்ணும் இப்பிடித்தான்!" ஊற்றிக்கொண்டு பார்த்திருப்பார் என்று சொன்னவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

பர்ணபாஸ் மாமா என்னைப் பார்த்தார். "அண்ணு இதுதான் இருந்துதா?"

"ஆமா மாமா. நான் எழுதினது. எடுக்காம விட்டுட்டேன். பொறவு யாருக்கும் தெரியாம எடுத்தேன்."

அவர் முகம் கோணியது. அழுகிறாரா என்று தெரியவில்லை, சத்தம் வரவில்லை. ஆன்சி என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அப்பா கிறுக்காயிட்டாவன்னு நெனச்சுட்டேன் நான்," என்றாள். "வீட்டுல நானும் அவியகிட்ட பேசாமத்தான் இருந்தேன். பத்து நாளு." உள்ளே போய்விட்டாள்.

தலைவர் எழுதித் தரச் சொன்னார். ஏலக்கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாணு அண்ணனும் போட்டார். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன் அந்த வரியை எடுத்தேன். எடுத்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்வதற்கு முன் எடுத்தேன். திரும்பத் தென்கரைக்கு நடந்துபோய், கடைசி வீட்டு வாசலில் நின்று பலகையைப் பார்த்தேன்.

உள்ளே இருட்டில் பர்ணபாஸ் மாமா உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்ன நெறம்?" என்று கேட்டார். மக்களே என்று சொல்லவில்லை.

"சிவப்பு மாமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என்னைத் தாண்டி வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தானே பார்த்தார்.